பத்துத் துண்டுப் பலகையும் பத்துக் கேள்வியும்

கருணாபுரம் என்றால் 2024 ஜூன் மாதத்துக்கு முன்னால் கள்ளக்குறிச்சி ஊரைத் தாண்டி அதிகம் பேருக்குத் தெரியாது. இப்போது நாடு முழுக்கத் தெரியும். அந்த மாதம் 18, 19 தேதிகளில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்தவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் அன்றாடம் கூலிக்குப் போகிறவர்கள், பெண்களும் உண்டு. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கம், சேலம், புதுச்சேரி ஜிப்மர் என்று நாலு திசைக்கும் ஆம்புலன்ஸ் ஓடியது. அதையெல்லாம் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நான் திரும்ப எழுதப் போவதில்லை.

நான் எழுத வந்தது அதன் பின்னால் எங்கள் பக்கத்துத் தெருக்களில் புழங்கிய ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் 'கவுன்சிலிங்'. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் அந்த நாட்களில் அது அடிக்கடி காதில் விழுந்தது. மாலையில் என்னோடு நடக்க வரும் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஒரு நாள் கேட்டார்: "ஏன் சார், புருஷனைப் பறிகொடுத்தவளிடம் போய் நாலு கேள்வி கேட்டு, ஒரு தாளில் நம்பர் போட்டு வைத்தால் துக்கம் தீர்ந்துவிடுமா? குடிகாரனிடம் பேசினால் குடி போய்விடுமா?"

நியாயமான கேள்விதான். நான் வைத்தியன் அல்ல. சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனநலப் பயிற்சி உரைகளுக்கு அனுப்பும் சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்தவன். அவர்களுடைய பயணப்படிப் பட்டியலைச் சரிபார்த்தவன். அதற்கும் முன்னால், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்த நம்பர் போடும் வித்தையின் வேர் நான் படித்த மொழியில் இருக்கிறது என்பதால் அதன் கதையைக் கொஞ்சம் தேடிப் படித்து வைத்திருக்கிறேன். நண்பருக்குச் சொன்ன பதிலை விரித்து இங்கே எழுதுகிறேன்.

சங்கிலியை அவிழ்த்த ஊழியர்

பாரீசுக்குப் பக்கத்தில் பிசேத்ர் என்றொரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தது. ஏழைகள், கிழவர்கள், நோயாளிகள், சித்தம் கலங்கியவர்கள் எல்லோரையும் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். சித்தம் கலங்கியவர்களுக்குச் சங்கிலி. 1793ஆம் ஆண்டு, பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, பிலிப் பினேல் என்ற மருத்துவர் அங்கு வேலைக்கு வந்தார். சங்கிலியை அவிழ்த்த மகான் என்று படங்களில் அவரைத்தான் வரைந்திருக்கிறார்கள்.

உண்மையில் பிசேத்ரில் சங்கிலியை எடுத்தவர் மருத்துவரே அல்ல. ழான் பாப்திஸ்த் புஸ்ஸேன் என்பவர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, சித்தம் கலங்கியோர் பிரிவின் கண்காணிப்பாளராக உயர்ந்தவர். அவரும் அவர் மனைவியும் நோயாளிகளை நாள் முழுவதும் பார்த்தார்கள். யார் எப்போது சீறுகிறான், யார் எதைச் சொன்னால் அடங்குகிறான் என்று கவனித்தார்கள். 1797இல் புஸ்ஸேன் சங்கிலிகளை எடுத்துவிட்டார். பினேல் இந்த ஊழியரிடமிருந்து பாடம் கற்றுக்கொண்டார். பிறகு தான் மாற்றலாகிப் போன சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரிக்கும் அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அலுவலகத்தில் கடைநிலையில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். பெரிய படிப்பு இல்லாத ஒருவர், கூர்ந்து கவனித்ததாலேயே ஒரு துறையைத் திருப்பிவிட்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கருணாபுரத்துக்கு வரும்போது தேவைப்படும்.

நம் பக்கத்துக் கதை

ஏறக்குறைய அதே காலத்தில், 1794இல், சென்னையில் வாலன்டைன் கொனொலி என்ற கம்பெனி மருத்துவர் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கினார். 1871இல் கீழ்ப்பாக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. 145 நோயாளிகளோடு தொடங்கிய அந்த இடம்தான் இன்றைய அரசு மனநலக் காப்பகம். ஒருவரைத் திட்ட வேண்டுமானால் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது நம் தலைமுறையின் வழக்கம். ஒரு நல்ல ஊரின் பெயரையே வசவாக்கிவிட்டோம். அங்கே 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற அமைப்பைத் தொடங்கி, மனச்சிதைவு நோயாளிகள் குடும்பத்தோடு வாழலாம், வேலை பார்க்கலாம் என்று காட்டியவர். 2021 டிசம்பரில் காலமானார்.

ஆனால் கள்ளக்குறிச்சிக்காரனுக்குக் கீழ்ப்பாக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். கல்வராயன் மலைக்காரருக்கோ கீழே இறங்கி வருவதே ஒரு நாள் வேலை. ஆகவே மக்கள் குணசீலம் பெருமாளிடமும் ஏர்வாடி தர்காவிலும் சென்று அடைக்கலம் புகுந்தார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. வேறு கதவு திறந்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் அப்படியொரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். புஸ்ஸேன் சங்கிலியை அவிழ்த்து 204 ஆண்டுகள் கழித்து!

அதன் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. 2017இல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்தது. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு இன்னொரு காரியமும் செய்தது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றது. அதுவரை இந்திய தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை. பூச்சிமருந்து குடித்தவனை, போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்து வைத்திருந்த காலம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இப்போது அந்தப் பயம் வேண்டியதில்லை.

பத்துத் துண்டுப் பலகை

இனி நம்பருக்கு வருவோம். அதே பிசேத்ரில் 1840களில் எதுவார் செகேன் என்ற இளைஞர் மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தந்தார். இவர்களுக்கு எதுவும் ஏறாது என்று மற்ற மருத்துவர்கள் கைவிட்ட பிள்ளைகள். செகேன் கண்ணையும் கையையும் பழக்கினார். மரப் பலகையில் வட்டம், சதுரம், முக்கோணம், நட்சத்திரம் என்று பள்ளங்கள்; அவற்றில் பொருந்தும் மரத் துண்டுகள். குழந்தை துண்டை எடுத்துச் சரியான பள்ளத்தில் வைக்க வேண்டும். அவருக்கு அது பயிற்சிக் கருவி.

மரியா மாண்டிசோரி அம்மையார் செகேனின் நூலை ஊன்றிப் படித்துத்தான் தம் கல்வி முறையை அமைத்தார். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி உரைகள் நிகழ்த்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கினார். ஆக, செகேனின் மரத் துண்டுகள் நம் பால்வாடிகளுக்கு விளையாட்டுச் சாமானாக ஒரு வழியில் வந்து சேர்ந்தன. இன்னொரு வழியில் சோதனைக் கருவியாக வந்தன. இன்று இந்தியாவில் குழந்தையின் அறிவுத்திறனைப் பார்க்கும் இடங்களில் 'செகுவின் ஃபார்ம் போர்டு' என்ற பெயரில் பத்துத் துண்டுப் பலகை இருக்கும். மூன்று முறை அடுக்கச் சொல்வார்கள். மிகக் குறைந்த நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். பெயரை ஆங்கில உச்சரிப்பில் சொல்வதால் அது பிரெஞ்சுக்காரர் பெயர் என்று பலருக்குத் தெரியாது.

செகேனுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னால் வந்தவர் அல்ஃப்ரெத் பினே. பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. வகுப்பில் பின்தங்குகிற பிள்ளைகளை என்ன செய்வது என்று பார்க்க 1904இல் கல்வி அமைச்சர் ஒரு குழு அமைத்தார். வாத்தியாருக்குப் பிடிக்காத பையனையெல்லாம் மந்தபுத்தி என்று எழுதித் தள்ளிவிடக்கூடாதே என்பது பினேயின் கவலை. 1905இல் தெயோதோர் சிமோன் என்ற மருத்துவரோடு சேர்ந்து முப்பது சோதனைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார். முதல் சோதனை, எரியும் தீக்குச்சியைக் குழந்தையின் கண் பின்தொடர்கிறதா என்பது. பிறகு மூன்று எண்களைத் திருப்பிச் சொல்வது, பொருள்களின் பெயர் சொல்வது என்று போகும். 1908இல் அதை வயதுவாரியாகப் பிரித்தார்.

பினே இதை எதற்குச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்பு தேவை என்று கண்டுபிடிக்க, கண்டுபிடித்து உதவ. அறிவு என்பது பிறப்போடு முடிந்துபோன சங்கதி, மாறாது என்று சொன்னவர்களை அவர் 1909இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளில் கவனத்தையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சிகளைத் தந்தார். 1911இல் இறந்துபோனார்.

அவர் கருவி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியதும் கதை மாறியது. குடியேற வந்தவர்களைத் துறைமுகத்திலேயே சோதித்து, புத்தி குறைந்தவன் என்று திருப்பி அனுப்ப அது பயன்பட்டது. புத்தி குறைந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. உதவி தேவைப்படுகிறவரைக் கண்டுபிடிக்கச் செய்த அளவுகோல், ஆளை ஒதுக்கும் கோலாகிவிட்டது. கோல் ஒன்றுதான், அளந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தியாவுக்கு வந்த விதம்

நம் நாட்டில் இதை முதலில் எடுத்துச் செய்தவர்களில் ஒருவர், லாகூரில் ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் இருந்த ரைஸ் என்ற பாதிரியார். 1922இல் இந்துஸ்தானியில் பினே சோதனையை அமைத்தார். தார்வாரில் காமத் என்பவர் கன்னடக் குழந்தைகளுக்கும் மராத்திக் குழந்தைகளுக்கும் ஏற்றபடி அதைத் திருத்தினார். 'பினே-காமத்' என்று இன்றைக்கும் நம் ஆஸ்பத்திரிகளில் புழங்குவது அதுதான். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையைக் கட்டிய கோபாலசுவாமியும் இந்த வேலையில் இறங்கினார். 1935இல் மைசூரில் வானொலி நிலையம் தொடங்கி 'ஆகாசவாணி' என்ற பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை 1943இல் போவாஸ் அவர்களின் தலைமையில் தொடங்கியது. நாகபுரியில் மாலின் என்ற பாதிரியார் 1960களில் வேறொரு சோதனையை இந்தியக் குழந்தைகளுக்காகத் தழுவினார்.

ஏன் இத்தனை பேர் இதற்கு மெனக்கெட்டார்கள்? கேள்வி ஊருக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக. பாரீசுப் பிள்ளைக்கு முள்கரண்டி தெரியும். நம் பிள்ளைக்குத் தெரியாது. நம் பிள்ளைக்குக் களைக்கொட்டு தெரியும்; பாரீசுப் பிள்ளைக்குத் தெரியாது. தெரியாத பொருளைக் கேட்டுவிட்டுப் புத்தி இல்லை என்று மார்க் போடுவது அநியாயம். பிரெஞ்சுப் பாடப் புத்தகத்தில் பனி பெய்வதைப் படித்துவிட்டு, வெளியே வந்து புதுச்சேரி வெயிலில் நின்ற எங்களுக்கு இது நன்றாகவே புரியும்.

1995இல் ஊனமுற்றோர் சட்டம் வந்த பிறகு இந்தச் சோதனைகள் சான்றிதழோடு சேர்ந்துகொண்டன. 2001இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறியின்படி, அறிவுத்திறன் எண் 50 முதல் 69 வரை இருந்தால் ஊனம் 50 சதவீதம் என்று அப்போது கணக்கிட்டார்கள். 35 முதல் 49 வரை என்றால் 75. 20 முதல் 34 வரை 90. அதற்கும் கீழே 100. அந்தச் சதவீதத்தை வைத்துத்தான் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம். மனநோயாளிகளுக்கு 'ஐடியாஸ்' என்ற இந்திய அளவுகோல் 2002இல் வந்தது. தன்னைத் தான் கவனித்துக்கொள்கிறாரா, பிறரோடு பழகுகிறாரா, பேசிப் புரிந்துகொள்கிறாரா, வேலை செய்கிறாரா என்று நான்கு வகையில் பார்ப்பது.

நான் இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு தாய் இருபது வருஷம் தூக்கிச் சுமந்த பிள்ளைக்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் அனுப்ப அந்த நம்பர்தான் வழி செய்தது. ஆனால் சான்றிதழ் முகாமுக்கு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலருக்கு நம்பர் கிடைத்ததோடு சரி. பிள்ளைக்குப் பேசப் பயிற்சி எங்கே, கையில் வேலை பழக்குவது யார் என்று சொல்ல ஆள் இல்லை. பினே கேட்ட இரண்டாவது பாதி விட்டுப்போய்விடுகிறது.

உரைகள் எதற்கு?

இந்த இரண்டாவது பாதியை யார் செய்வது? நாட்டில் மனநல மருத்துவர்கள் கொஞ்சம் பேர். இருப்பவர்களும் பெரிய ஊர்களில். 1970களில் இதற்கு ஒரு விடை தோன்றியது. சண்டிகர் மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் விக் தலைமையிலான குழு, அரியானாவின் ராய்ப்பூர் ராணி வட்டாரத்தில் ஒன்று செய்து பார்த்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளருக்கும் அடையாளம் காணக் கற்றுக்கொடுப்பது; ஒரு சில மருந்துகளைக் கொடுக்கப் பழக்குவது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் சகலவாரா கிராமத்தில் அதையே செய்தது. 1985 முதல் பெல்லாரி மாவட்டம் முழுவதற்கும் விரித்தது. இடையில் 1982இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-97இல் மாவட்ட மனநலத் திட்டம் நான்கு மாநிலங்களில் ஒவ்வொரு மாவட்டமாகத் தொடங்கியபோது, தமிழ்நாட்டுக்குத் திருச்சி. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது.

இதன் உயிர்நாடி பயிற்சி உரை. சாதாரண எம்.பி.பி.எஸ். மருத்துவர் நிபுணர் ஆகிவிடப் போவதில்லை. ஆனால் தூக்கமில்லை, கை கால் குடைச்சல் என்று வருகிற பெண்ணிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்கத் தெரிந்துவிட்டால் போதும். வலிப்பைப் பேய் என்று நினைத்துக் கொண்டுவந்தவனுக்கு மாத்திரை எழுதத் தெரிந்தால் போதும். புஸ்ஸேனுக்குத் தெரிந்ததை எல்லோருக்கும் சொல்லித் தருவதுதான் இது.

நிபுணர்களுக்கும் தொடர்கல்வி உண்டு. 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் மருத்துவ உளவியலாளர்களும் சிறப்பாசிரியர்களும் பதிவு செய்ய வேண்டும். பதிவைப் புதுப்பிக்கத் தொடர்கல்வி உரைகளில் கலந்துகொண்டு புள்ளிகள் சேர்க்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனம் அத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துகிறது.

எழுத்தராக நான் பார்த்த பக்கத்தையும் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் என் மேசைக்கு மூன்று தாள்கள் வரும்: வருகைப் பதிவேடு, பயணப்படிப் பட்டியல், மதியச் சாப்பாட்டு வவுச்சர். மூன்றும் சரியாக இருந்தால் கோப்பு மூடப்படும். பயிற்சிக்குப் போய்வந்தவர் அடுத்த மாதம் எத்தனை பேரை அடையாளம் கண்டார், அவர்களில் எத்தனை பேர் மறுபடியும் மருந்து வாங்க வந்தார்கள் என்று கேட்கும் நாலாவது தாளை நான் பார்த்ததில்லை. நல்ல டாக்டர்கள் கேட்காமலே செய்தார்கள். ஆனால் ஒரு திட்டம் நல்லவர்களை மட்டுமே நம்பி ஓடக்கூடாது.

பத்துக் கேள்வி

இப்போது கருணாபுரத்துக்கு வருவோம். குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் சோதித்து உருவாக்கிய ஒரு வினாத்தாள் இருக்கிறது. பத்துக் கேள்வி, 40 மதிப்பெண். அதன் சுருக்கப் பெயர் 'ஆடிட்'. எங்கள் அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் வயிற்றைக் கலக்கும். இது வேறு ஆடிட். எத்தனை நாளைக்கு ஒரு தரம் குடிக்கிறீர்கள் என்பதில் தொடங்கும். குடிக்க ஆரம்பித்தால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா, முந்தின இரவு நடந்தது மறந்துபோகிறதா என்று போய், வீட்டாரோ நண்பரோ மருத்துவரோ உங்கள் குடியைப் பற்றிக் கவலைப்பட்டார்களா என்பதில் முடியும்.

இங்கேயும் பழைய சங்கடம் உண்டு. எத்தனை 'டிரிங்க்' என்று வினாத்தாள் கேட்கும். பாக்கெட் சாராயத்துக்கு ஏது அளவு? உள்ளூர்ச் சரக்குக்கு ஏற்றபடி மாற்றிக் கேட்க வேண்டும் என்று அந்தக் கையேடே சொல்கிறது. அதை மாற்றிக் கேட்கத் தெரிந்தவர் கருணாபுரத்துத் தெருவை அறிந்தவராகத்தான் இருக்க முடியும். காமத் கன்னடப் பிள்ளைகளுக்குச் செய்த வேலை மாதிரிதான்.

இந்த வினாத்தாளில் எனக்குப் பிடித்தது, நம்பரோடு நிற்காமல் அடுத்த படியையும் சொல்வது. 8 முதல் 15 வரை வந்தால் எளிய அறிவுரை. 16 முதல் 19 வரை என்றால் சில தடவை உட்கார்ந்து பேசுவது, தொடர்ந்து கவனிப்பது. 20க்கு மேல் என்றால் நிபுணரிடம் அனுப்புவது.

ஆசிரியர் நண்பரின் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. பேசினால் குடி போகுமா? சிலருக்குப் போகும். கோவாவில் பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடந்து, 2017இல் முடிவு வெளியானது. இந்த வினாத்தாளில் 12 முதல் 19 வரை எடுத்த ஆண்களிடம், உளவியல் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்கள் பயிற்சி பெற்று, அதிகபட்சம் நாலு தடவை பேசினார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் நூற்றுக்கு 36 பேர் அபாயக் குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். வித்தியாசம் பத்துப் பேர். அற்புதம் இல்லைதான். ஆனால் ஒரு தெருவில் பத்துக் குடும்பம் என்று எண்ணிப் பாருங்கள்.

மீதிப் பாதி பதில்: 20க்கு மேல் போனவருக்குப் பேச்சு மட்டும் போதாது. பல வருஷம் தினமும் குடித்தவர் பயத்தில் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வியர்வை, இல்லாததெல்லாம் கண்ணில் தெரிவது, வலிப்பு என்று வரலாம். உயிருக்கே ஆபத்து. அது சாமி குற்றமும் இல்லை, செத்தவர்களின் ஆவியும் இல்லை. மருந்து உண்டு, ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஒரு விஷச் சாராயச் சாவுக்குப் பிறகு ஊரே பயந்து ஒரே நாளில் நிறுத்தும்போது, இதை அறிந்த செவிலியர் தெருவில் இருப்பது மிக அவசியம்.

மெத்தனாலில் பிழைத்தவர்களுக்கு வேறு துன்பம். அது உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். உயிர் மிஞ்சினாலும் பார்வை போகலாம். கூலிக்குப் போனவன் சுவரைப் பிடித்து நடக்கிறான் என்றால், அவனுக்குக் கண் டாக்டர் மட்டும் போதாது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாயும், 5 லட்சம் வைப்புத் தொகையும் அரசு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வங்கி மேலாளர் பார்க்க மாட்டார், வாத்தியார்தான் பார்ப்பார். அந்த வாத்தியாருக்கு இரண்டு நாள் பயிற்சி உரை வீணா? இல்லவே இல்லை என்பேன். மரம் போல இருக்கிற துக்கம் எது, நாளாக நாளாக ஆறும் துக்கம் எது என்று பிரித்துப் பார்க்க அது உதவும்.

2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்தது. பல வகை மனநோய்களுக்கும் சிகிச்சையே பெறாதவர்கள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் என்று கண்டது. குடி சம்பந்தப்பட்ட நோய்களில் அது இன்னும் அதிகம். கீழ்ப்பாக்கத்தில் எத்தனை கட்டடம் கட்டினாலும் இந்த இடைவெளி அடையாது. கேட்கத் தெரிந்த ஆட்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தால்தான் அடையும்.

ஆகவே, பெரியவர்களே, உங்கள் மகளோ மருமகனோ செவிலியராகவோ ஆசிரியராகவோ அங்கன்வாடிப் பணியாளராகவோ இருந்து, மனநலப் பயிற்சிக்குப் போக வேண்டுமென்று அலுத்துக்கொண்டால், போய்வரச் சொல்லுங்கள். வந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம்பர் போட்ட பிறகு அந்த ஆளை எங்கே அனுப்ப வேண்டும், அங்கே எந்தக் கிழமை டாக்டர் இருப்பார்? அதற்குப் பதில் தெரிந்திருந்தால் பயிற்சி பலித்தது. தெரியவில்லை என்றால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள். நம் வீட்டிலேயே யாருக்காவது தேவைப்பட்டால் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். அந்த எண்ணைக் காலண்டரில் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். என் வீட்டில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.